மூன்று புது பூம்பொக்ஸிலும் அப்பாவின் கசற் மட்டும் அலைகிறது: செற்றில் பிழையா, கசற்றில் பிழையா?

கொக்குவில் கொப்பிக்கடை எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். கொக்குவிலில் ஒரு சின்ன போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். மேல்தட்டில், ஏ4 கட்டுகளுக்குப் பக்கத்தில், மூன்று பூம்பொக்ஸ், அதாவது றேடியோவும் கசற்றும் சேர்ந்த கைபிடிச் செற், நிற்கின்றன. பழைய காலத்துச் செற்றுகள் என்று நினைக்க வேண்டாம், பழையதைப் பார்த்துச் செய்த புதுச் செற்றுகள். கம்பஸ் பிள்ளைகள் நோட்ஸ் அடிக்க வந்து நிற்கும்போது அண்ணாந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உது பாடுமோ, சும்மா சோடினைக்கோ?" என்று கேட்பார்கள். பாடும். நன்றாகவே பாடும். என் பிரச்சினை வேறு, அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் செற்றுகள். ஒன்று கனடாச் செற். மாமி ரொறன்ரோவிலிருந்து உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தது. வெள்ளி நிறம், இரண்டு பெரிய வட்ட ஸ்பீக்கர், நீளக் கைபிடி. எண்பதுகளில் வந்த லசோனிக் ரிஆர்சி-931 ஐப் பார்த்துச் செய்தது என்று விசயம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். வந்த அன்றே, பின்னால் எழுதியிருப்பதை வாசிக்காமல் செருகினேன். அங்கே 120 வோல்ற், இங்கே 230. 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய மணம், அதற்குப் பிறகு மாமியின் முகம். சுன்னாகத்தில் ஒருவர் உள்ளே இருந்த ட்ரான்ஸ்போமரை மாற்றித் தந்தார். அதில் இன்னொரு குறையும் இருக்கிறது. ஏஎம்மில் பத்துப் பத்தாகத்தான் தாண்டும்: 930, அடுத்தது 940. திருச்சி வானொலி நிற்பது 936 இல். வட அமெரிக்காவில் நிலையங்களுக்கு இடையில் 10 கிலோஹேர்ட்ஸ், எங்கள் பக்கத்தில் 9. ஆகவே திருச்சி அந்தச் செற்றில் பக்கத்து வீட்டுக் கலியாணம் மாதிரித்தான், சத்தம் கேட்கும், சாப்பாடு கிடைக்காது.

இரண்டாவது லண்டன் செற். சிவப்பு. சீடி, கசற், புளூரூத், எஃப்எம், டிஏபி என்கிற டிஜிற்றல் றேடியோ எல்லாம் உண்டு. டிஏபி பொத்தானை அமத்தினால் எங்கள் வீட்டில் கனநேரம் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுத்துக் காட்டும். எஃப்எம் அருமையாக இழுக்கும்.

மூன்றாவது, கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் பேரம்பேசி வாங்கிய சாம்பல் செற். பெட்டியில் 1000 வாற் பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்சக் கணக்கு) என்று கொட்டை எழுத்து, செற்றின் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் 12 வாற். ஒருநாள் திறந்து பார்த்தேன். முன்னால் தெரிகிற நாலு ஸ்பீக்கரில் மேலே உள்ள சின்னன் இரண்டுக்கும் வயரே இல்லை. வெறும் பிளாஸ்ரிக் மூடி. இவ்வளவும் தெரிந்தும் எனக்குக் கூடப் பிடித்தது அதுதான். அதன் கசற் கதவு திறக்கும்போது அடித்துக்கொண்டு விழாது, மெதுவாக இறங்கும். வீட்டில் இருந்த நாஷனல் செற் அப்படித்தான் திறக்கும். 95 ஒக்டோபரில் சண்டையால் ஊரோடு இடம்பெயர்ந்து வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது அதை மேசையில் விட்டுவிட்டு வந்தோம். திரும்பி வந்தபோது செற்றும் இல்லை, மேசையும் இல்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். சித்தப்பா சுவிஸில் இருக்கிறார். போன நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு கசற்றைக் கையில் தந்தார். அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக அப்பா பேசி அனுப்பிய கசற். அப்பா 2011 இல் காலமானார். அவருடைய குரல் வேறு எதிலும் எங்களிடம் இல்லை.

போட்டுக் கேட்டால் குரல் அலைகிறது. நன்றாகப் பேசிக்கொண்டு வருவார், திடீரென்று குரல் அரைக்கட்டை மேலே ஏறும், பிறகு இறங்கும். சில இடத்தில் அணில் மாதிரிக் கீச்சென்று போய்விடும். பின்னால் கிர்ர்ர் என்று மாவரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வேறு, அவர் பேச்சை நிறுத்தினால் அது கூடும். செற்றின் மோட்டார்ச் சத்தம் உள்ளே ஏறுகிறது என்று நினைக்கிறேன். மூன்று செற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், மூன்றிலும் இதே கதை. கடையில் வாங்கிய பாட்டுக் கசற்றுகள் பரவாயில்லாமல் பாடுகின்றன.

மூன்று செற்றும் பழுதா? மோட்டாரின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதற்குள் ஸ்குறூட்றைவர் விட்டுத் திருகினால் சரிவருமா? இல்லையென்றால், பிரான்சின் வீ ஆர் றிவைண்ட் கொம்பனி கொண்டுவந்த 104 வாற் பூம்பொக்ஸை ஆரிடமாவது சொல்லி எடுப்பிக்கட்டா?


ஸ்கார்பரோ குட்டி எழுதியது:

அண்ணை, ஒரு புளூரூத் ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் மூன்று செற்றுக்கும் வேலையில்லை. மாமிமாருக்கும் பாரம் குறையும். சும்மா பகிடிக்கு. கசற்றை முதலில் கொம்பியூற்றரில் ஏற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.


நெல்லியடிக் கிழவன் எழுதியது:

தம்பி, முதல் வேலை: ஸ்குறூட்றைவரைக் கீழே வையுங்கோ. அந்த ஓட்டைக்குள் இருப்பது முழு வேகத்தையும் கூட்டிக் குறைக்கிற திருகு. அலைச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருகினால் அலைகிற குரல் இன்னும் கொஞ்சம் வேகமாக அலையும், அவ்வளவுதான்.

இரண்டாவது வேலை: கசற்றின் காதை முறித்துவிட்டீர்களா? ஏ பக்கம் உங்களைப் பார்க்க, ரேப் தெரிகிற வாய் கீழே இருக்கப் பிடியுங்கோ. மேலே இடது மூலையில் பின்பக்கமாக ஒரு சின்னப் பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். அதை முறித்துவிட்டால் ஆராலும் அந்தப் பக்கத்தில் பதிய முடியாது. பி பக்கத்துக்கு மற்ற மூலை. புதுச் செற்றுகளில் சிவப்புப் பொத்தான் பிளே பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் கடையில் ஒரு பிள்ளை விளையாட்டுக்கு அமத்தினால் அப்பாவுக்கு மேல் போட்டோக்கொப்பி மெசின் சத்தம்தான் பதியும். இதை இன்றைக்கே செய்யுங்கோ.

இனிக் கேள்வி. என்னிடம் இந்த மாதிரிப் புதுச் செற் ஏழு இருக்கிறது, பழையது நாலு. பழையதில் ஒன்றுதான் பாடும். ஆகவே பெருமை பேசவில்லை, கைச்சூட்டில் கண்டதைச் சொல்கிறேன். புது பூம்பொக்ஸ் எது வாங்கினாலும், சிவப்போ வெள்ளியோ, உள்ளே கசற்றைச் சுற்றுகிற மெக்கானிசம் பெரும்பாலும் ஒன்றுதான். ஜப்பானில் ரனாஷின் என்றொரு கொம்பனி ஒரு மலிவான, உறுதியான மெக்கானிசம் செய்தது. அவர்கள் நிறுத்திவிட்டார்கள். இப்போது சீனாவில் அதைப் பார்த்துச் செய்கிறதுதான் எல்லாச் செற்றுக்குள்ளும் போகிறது. மூன்று செற்றில் போட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். ஒரே ஆளை மூன்று சேட்டு மாற்றிப் போட்டுவந்து சாட்சி சொல்ல வைத்தது மாதிரித்தான் அது.

ஆனால் அந்த ஆள் இந்த வழக்கில் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். கசற் ஒரு விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். அதைச் சீராக வைத்திருப்பது உள்ளே சுற்றுகிற பாரச் சில்லு. பழைய நல்ல டெக்கில் அது கனமான உலோகம், அலைச்சல் 0.1 வீதத்துக்குக் கீழே நிற்கும். இப்போதையதில் சில்லு இலேசு, அலைச்சல் 0.2, 0.3 வீதம் என்று போகும். வயலின் நீட்டி வாசிக்கிற இடத்திலும் நாதஸ்வரத்திலும் காது கூர்மையானவருக்கு ஒரு நடுக்கம் தெரியும். பேச்சில் தெரியவே தெரியாது. நீங்கள் சொல்கிறது அரைக்கட்டை. அரைக்கட்டை ஏறுகிறது என்றால் வேகம் கிட்டத்தட்ட 6 வீதம் கூட வேண்டும். மெக்கானிசம் அவ்வளவுக்கு அலைந்தால் உங்கள் பாட்டுக் கசற் ஒன்றும் கேட்கிற மாதிரி இருக்காது.

செய்து பார்க்க வேண்டியது இதுதான். பஞ்சுக் குச்சியில் ஐசோபுறோப்பைல் அல்ககோல் தொட்டு ஹெட்டையும் றப்பர் றோலரையும் துடையுங்கோ, மண்ணிறமாக வரும், வெள்ளையாக வரும்வரை துடையுங்கோ. கசற்றின் வாய்க்குள் பித்தளைத் தகட்டில் ஒட்டியிருக்கிற சின்னப் பஞ்சு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கோ. பிறகு கசற்றை முழுக்க முன்னுக்கு ஓடவிட்டு முழுக்கப் பின்னுக்குச் சுற்றுங்கோ, வருசக்கணக்கில் கிடந்த சுருள் இறுகிப்போயிருக்கும். அதற்குப் பிறகு போட்டு, குரல் ஏறுகிற இடங்களை போன் மணிக்கூட்டில் நிமிசம் விநாடியோடு குறியுங்கோ. மறுபடி போட்டுக் குறியுங்கோ. இடம் மாறினால் செற்றில் பிழை, இடம் மாறாவிட்டால் கசற்றில்.

உந்த 104 வாற் செற்றைப் பற்றி: சத்தம் போதுமான சாமான் என்று சொல்கிறார்கள், வசதியிருந்தால் வாங்குங்கோ. ஆனால் அப்பாவின் குரலுக்கு 104 வாற் தேவையில்லை.


மானிப்பாய்ப் பழசு எழுதியது:

நெல்லியடி ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்பாடு. மற்றப் பாதிக்கு இல்லை. இந்தப் புதுசுகளை ஏன் பூம்பொக்ஸ் என்று சொல்கிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை. பிலிப்ஸ் 1963 இல் கசற்றைக் கொண்டுவந்தது, 1966 இல் றேடியோவையும் கசற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது. அதற்குப் பிறகு பதினைந்து, இருபது வருசம் ஜப்பான்காரன் மூளையைக் கசக்கிச் செய்த சாமான்கள் இருக்கின்றனவே, ஜேவிசி ஆர்சி-எம்90, ஷார்ப் ஜிஎஃப்-777, அவையெல்லாம் தூக்கினால் தோள் இறங்கும். இப்போது வருவது முகமூடி. இரைச்சலைக் குறைக்கிற டொல்பி இல்லை. பதிந்தால் இரைச்சல், ஏனென்றால் பழையதை அழிக்கிற ஹெட்டுக்குப் பதிலாக ஒரு துண்டுக் காந்தம் வைத்திருக்கிறான். வயரில்லாத ஸ்பீக்கரைப் பற்றிக் கடைக்காரரே எழுதிவிட்டார், நான் என்ன சொல்ல.

என்னிடம் அப்பா குவைத்திலிருந்து கொண்டுவந்த ஒரு ஷார்ப் இருக்கிறது. மூன்று இலக்கக் கவுண்டரும் இருக்கிறது, நிமிசம் எண்ணத் தேவையில்லை. மானிப்பாய் தூரமில்லையே, கசற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிளேன்ரீ தரலாம்.


நெல்லியடிக் கிழவன் எழுதியது:

மானிப்பாயார், உங்கள் ஷார்ப்பின் பெல்ற் எத்தனை தரம் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். என் பழைய சான்யோவைத் திறந்தபோது பெல்ற் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. மூன்று நாள் விரல் கறுப்புப் போகவில்லை, வீட்டில் சோறு கையில் போடமாட்டேன் என்றுவிட்டார்கள். கடற்காத்துக்கு உள்ளே இருக்கிற திருகாணியெல்லாம் துரு. பழையதை வைத்திருப்பது மாடு வளர்க்கிற மாதிரி, ஒருநாள் பார்க்காமல் விட ஏலாது. புதுசு அப்படியில்லை. காலையில் பொத்தானை அமத்தினால் எஃப்எம், பேரன் வந்தால் புளூரூத், எனக்கு ஆசை வந்தால் கசற். சத்தம் ஒரு படி கீழேதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைத்தட்டில் மூன்று வைத்து ஆசையாகப் பார்க்கிற மனிசனுக்கு முகமூடி என்று சொல்லக் கூடாது.

ஒரு விசயம் மட்டும் புதுசில் எனக்குப் பயம். லித்தியம் பற்றரி. தகரக் கூரைக்குக் கீழே கடை என்றால் மேல்தட்டில் வைக்கவேண்டாம் தம்பி, சித்திரை வெயிலுக்கு ஊதும். என் ஒரு செற்றின் பின்மூடி ஒருநாள் தானாகக் கிளம்பி நின்றது, திறந்தால் பற்றரி தலையணை மாதிரி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறவர்களுக்கும் ஒரு சொல்: 100 வாற்-மணிக்குள் பற்றரி என்றால் விமானத்தில் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே கேட்க வேண்டும். கழற்றிய பற்றரி என்றால் கைப்பையில்தான்.


ஸ்கார்பரோ குட்டி எழுதியது:

இங்கேயிருந்து அனுப்புகிறவர்களுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். அடப்ரரில் 100-240 என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கோ. 120 என்று மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கோ. எங்கள் மாமாவும் ஒரு செற்றைச் சாவகச்சேரியில் எரித்தவர்.


கொக்குவில் கொப்பிக்கடை எழுதியது:

ஐந்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. காது முறித்தாயிற்று, இரண்டு பக்கமும். முறிக்கும்போது கை நடுங்கியது உண்மை.

ஹெட் துடைத்தேன். முதல் பஞ்சு தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. சாம்பல் செற்றில் போட்டுக் குறித்தேன்: 4 நிமிசம் 10 விநாடியில் மெல்ல ஏறத் தொடங்குகிறது, 4.40 இல் இறங்குகிறது. 7.05 இல் மறுபடி. 11.20 இல்தான் பெரிய கூத்து, குரல் கீச்சென்று ஏறி ஏறி 'டக்' என்று நின்றுவிடுகிறது. உடனேயே மேலிருந்து சறுக்கிக்கொண்டு வந்து சாதாரணக் குரலாகிறது, நடுவில் ஆரோ சிரிக்கிறார்கள். இரண்டாம் தரம் போட்டேன். அதே இடங்கள். லண்டன் செற்றில் எல்லா இடமும் இரண்டு மூன்று விநாடி தள்ளி, ஆனால் அதே ஒழுங்கு.

ஞாயிற்றுக்கிழமை மானிப்பாய்க்கும் போனேன். அவருடைய ஷார்ப்பைப் பற்றி ஒரு சொல்: என் மூன்று செற்றையும் சேர்த்துத் தூக்கினாலும் அந்தக் கனம் வராது. பிளே பொத்தானை அமத்தினால் ஏதோ கதவைப் பூட்டுகிற சத்தம். அதில் என் பாட்டுக் கசற் ஒன்றைப் போட்டுக் காட்டினார். தவில் அடி நெஞ்சில் விழுந்தது, வாயடைத்துப் போனேன், திரும்பிவரும் வழி முழுக்கப் பொறாமை. ஆனால் அப்பாவின் கசற்றைப் போட்டபோது ஷார்ப்பிலும் அதே இடத்தில் ஏறியது. கீச்சும் 'டக்'கும் சிரிப்பும் அதே இடம். கிர்ர் சத்தமும் போகவில்லை, நல்ல ஸ்பீக்கரில் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஆகவே பிழை கசற்றில்தான். வெயிலில் கிடந்து இழுபட்டிருக்குமா? சுவிஸில் அலுமாரிக்குள் வெயில் ஏது என்று சித்தப்பா கேட்கிறார். "அப்பவே அப்பிடித்தான் இருந்தது, நான் பழகிட்டன்" என்று வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார்.


நெல்லியடிக் கிழவன் எழுதியது:

அப்பவே அப்படித்தான் என்றால் ரேப் கெட்டுப்போகவில்லை, பதியும்போதே அப்படிப் பதிந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி தம்பி. எந்த வருசம் பேசி அனுப்பியது?


கொக்குவில் கொப்பிக்கடை எழுதியது:

உறையில் அப்பாவின் எழுத்தில் 93 மாசி என்று இருக்கிறது. கிளாலிக் கடலேரியால் கொழும்பு போன ஒருவரிடம் கொடுத்துவிட்டது என்று சித்தப்பா சொன்னார்.


நெல்லியடிக் கிழவன் எழுதியது:

93 இல் உங்கள் வீட்டில் கரண்ட் இருந்ததா?

பிறகு என்ன யோசனை. சண்டையால் 90 இல் நின்ற கரண்ட். பற்றரி தடைசெய்த சாமான். உப்புத் தண்ணி விட்டும் வெயிலில் காயவைத்தும் செத்த பற்றரியை எழுப்பிப் பார்த்த காலம். நாங்கள் றேடியோ கேட்டது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். நாலு பெரிய பற்றரி போடுகிற செற்றுக்கும் 6 வோல்ற்தான். இடையில் நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்தால் செற் வேலை செய்யும். உங்கள் நாஷனலுக்கு நாலு பற்றரிதானே?

இனி உங்கள் கிர்ர்ர் என்ன என்று விளங்குகிறதா. ரயரில் டைனமோ உரசுகிற சத்தம். அந்தச் செற்றுகள் மைக்கில் வருகிற சத்தத்தைத் தாங்களே கூட்டிக் குறைக்கும். ஆள் பேசினால் குறைக்கும், பேச்சு நின்றால் கூட்டும். அதுதான் அப்பா நிறுத்துகிற இடமெல்லாம் மாவரைக்கிற சத்தம் மேலே வருகிறது.

குரல் ஏறுவதற்கும் காரணம் அதுதான். செற்றுக்குள் இருக்கிற மோட்டார் வோல்ற் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சமாளிக்கும். ஒரு அளவுக்குக் கீழே போனால் சமாளிக்காது, மெதுவாகிவிடும். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் செற் மெதுவாக ஓடிப் பதியும். மெதுவாகப் பதிந்ததை இன்றைக்குச் சரியான வேகத்தில் போட்டால் குரல் உயரும். ஆகவே 4.10 இல் ஆருக்கோ கை நோகத் தொடங்கியிருக்கிறது. 4.40 இல் கை மாற்றியிருக்கிறார். 11.20 இல் விட்டுவிட்டார்.

உங்கள் மூன்று செற்றிலும் பிழை ஒன்றுமில்லை. பாவம், சாட்சிகள் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

கொம்பியூற்றரில் ஏற்றும்போது யூஎஸ்பியில் நேராகப் பதிகிற பொத்தானை நம்பவேண்டாம், எம்பி3 ஆகத்தான் நசுக்கித் தரும். ஹெட்போன் துளையிலிருந்து வயர் கொடுத்து, ஓடாசிற்றி என்கிற மென்பொருளில், நசுக்காத டபிள்யூஏவி ஆகப் பதியுங்கோ. ஏறுகிற துண்டுகளை மட்டும் தெரிவுசெய்து வேகத்தைக் குறைத்தால் குரல் இறங்கும். முழுக்கச் சரிவராது, பேச்சு விளங்கும். திருத்தாத பிரதி ஒன்றை அப்படியே வைத்திருங்கோ.


மானிப்பாய்ப் பழசு எழுதியது:

எழுபது தரம் அந்த டைனமோவைச் சுற்றிய எனக்கே தோன்றவில்லை பாருங்கள். என் முன்னால் பாடியும் பிடிபடவில்லை. ஐயாவுக்கு ஒரு கும்பிடு. முகமூடி என்று எழுதியதைத் திருப்பி எடுக்கிறேன். டொல்பி பற்றி எழுதியதை எடுக்கமாட்டேன்.


கொக்குவில் கொப்பிக்கடை எழுதியது:

நேற்றிரவு அம்மாவை இருத்திவைத்து சாம்பல் செற்றில் போட்டேன். இத்தனை நாளும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை, குரல் சரிவரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பிழை.

அப்பா மாரி மழையைப் பற்றிச் சொல்கிறார், வெங்காயம் அழுகியதைச் சொல்கிறார், சித்தப்பாவுக்கு அங்கே குளிருக்குத் தலையில் கட்டச் சொல்கிறார். நாலு நிமிசத்தில் குரல் ஏறியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் டைனமோ கதையைத் தொடங்கினேன். மாமாதான் சுற்றியிருப்பார், அவர்தான் அப்போது எங்களோடு இருந்தவர் என்றேன்.

"மாமா ஆர்? நீதான் சுத்தினனீ" என்றார் அம்மா.

எனக்கு அப்போது ஏழு வயது. ஒன்றும் ஞாபகமில்லை. மைக்கில் சத்தம் விழக்கூடாது என்று சைக்கிளைப் பின்விறாந்தையில் நிறுத்தி, யன்னலால் வயர் விட்டு, அப்பா அறைக்குள் இருந்து பேசினாராம். ஒரு கசற்றுக்கு ஒரு மாம்பழம் என்று பேச்சாம். "நாலு நிமிசத்திலேயே கை நோகுதெண்டு அழத் தொடங்கிட்டாய். நான்தான் வந்து கொஞ்சம் சுத்தித் தந்தனான்." அதுதான் 4.40. பிறகு 11.20 வந்தது, அப்பா கீச்சென்று ஏறி நின்றார், உள்ளே ஆரோ சிரித்தார்கள். "பார், இதிலைதான் விட்டிட்டு ஓடினனீ. பட்டம் ஏத்துறாங்களெண்டு." சிரித்தது அம்மாவாம்.

ஓடாசிற்றியில் ஏற்றியாயிற்று. நாலு நிமிசத்துத் துண்டையும் ஏழு நிமிசத்துத் துண்டையும் ஐயா சொன்ன மாதிரி இறக்கினேன், அப்பா இப்போது அப்பா மாதிரிப் பேசுகிறார். 11.20 ஐத் தொடவில்லை.

மாம்பழம் தந்தாரா என்று அம்மாவிடம் கேட்டேன். மாசியில் ஏது மாம்பழம் என்கிறார்.

இன்னொன்று: சாம்பல் செற் விலைக்கு வருமா என்று இன்பொக்ஸில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வராது. கனடாச் செற் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆனால் மாமி அடுத்த ஆவணிக்கு வருகிறார், அதற்குப் பிறகு வந்து எடுங்கள்.